தர்ஸ்டனின் முதல் ஐந்து சீசன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே ஜொனாதன் தர்ஸ்டன் என்ற பெயரில் வந்து நிற்பார்கள். 2015 இறுதிப் போட்டி, சீசனின் சிறந்த வீரருக்காக நான்கு முறை வாங்கிய டாலி எம் பதக்கம், சொந்த மாநிலமான குவீன்ஸ்லாந்துக்குத் தொடர்ச்சியாக 36 ஆட்டங்கள் எல்லாம் ஊரறிந்த கதை. 2002 முதல் 2006 வரையிலான ஐந்து சீசன்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. அவர் எப்படி உருவானார் என்பது அங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை, அந்தக் காலத்தை மையமாக வைத்து, இங்கே தொகுத்திருக்கிறேன்.

ரக்பி லீக் என்றால் இலங்கையில் பள்ளிக்கூடங்கள் ஆடுகிற அதே ரக்பிதானே?

இல்லை. கண்டியிலும் கொழும்பிலும் ஆடுவது ரக்பி யூனியன். அணிக்கு 15 பேர். லீக் அதிலிருந்து பிரிந்த ஆட்டம். 1895இல் இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகள், ஆடுவதால் வேலைக்குப் போக முடியாத தொழிலாளர்களுக்குக் கூலி ஈடு கொடுக்க வேண்டும் என்று கேட்டன. மேலிடம் மறுத்தது. தனியாகப் போய்விட்டார்கள். 1908இல் சிட்னியில் போட்டித்தொடர் தொடங்கியது.

லீக்கில் அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் (எதிரணி பிடித்துச் சாய்ப்பது) வரை அவகாசம், ஓவருக்கு ஆறு பந்து மாதிரி. ஆறாவதிலும் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போகும். அதனால் பெரும்பாலும் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பந்தை உதைத்துவிடுவார்கள். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது ட்ரை, 4 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக 2. பெனால்டி உதைக்கு 2. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே காலால் அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு அந்தக் காலத்தில் 1. இந்த ஒற்றைப் புள்ளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தர்ஸ்டன் எந்த இடத்தில் ஆடினார்?

முக்கியமாக ஹாஃப்பேக், ஏழாம் எண் சட்டை. பின்னாளில் ஃபைவ்-எயித் என்ற ஆறாம் எண்ணிலும் நிறைய ஆடினார். இந்த இரண்டு இடத்துக்காரர்களும்தான் அணியின் மூளை. எந்தப் பக்கம் போவது, யாரிடம் பந்தைக் கொடுப்பது, கடைசி டேக்கிளில் எங்கே உதைப்பது என்ற முடிவெல்லாம் இவர்கள் கையில். மற்றவர்கள் எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பார்கள் என்றால் ஹாஃப்பேக் அந்த ஆளுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைப் பார்ப்பார்.

ஒரு சிக்கலும் இங்கே இருக்கிறது. இந்த வேலைக்குத் தேவையான திறமையை அளக்கக் கருவி கிடையாது. எடை, உயரம், நாற்பது மீட்டர் ஓட்ட நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதலாம். பந்தைக் கை விடுவதற்கு முன் அரை நொடி காத்திருக்கும் பொறுமையை எந்தத் தாளில் எழுதுவது?

எங்கே பிறந்து வளர்ந்தார்?

1983 ஏப்ரல் 25, பிரிஸ்பேன். ஆஸ்திரேலியாவில் அன்று ஆன்சாக் நாள், போர் நினைவு விடுமுறை. நகரின் தென்பகுதியில் சவுத்ஸ் சன்னிபேங்க் என்ற கிளப்பில் சிறுவனாக ஆடத் தொடங்கினார். பள்ளியின் கடைசி ஆண்டுகளை, பிரிஸ்பேனுக்கு மேற்கே மலைமேல் இருக்கும் டூவூம்பாவில், செயின்ட் மேரிஸ் கல்லூரியில் முடித்தார். 'கல்லூரி' என்பது அங்கே மேல்நிலைப் பள்ளிதான். அந்த ஊரின் ஆல் ஒயிட்ஸ் கிளப்புக்கும் ஆடினார்.

டூவூம்பாவும் அதைச் சுற்றியுள்ள டார்லிங் டவுன்ஸ் பகுதியும் விவசாய பூமி, ரக்பி லீக் ஊறிய மண். அங்கே ஆடுகிறவன் பெரிய ஆட்களோடு மோதித்தான் ஆட வேண்டும். அது தர்ஸ்டனுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம்.

இவ்வளவு திறமை இருந்தவரைக் கிளப்புகள் ஏன் முதலில் எடுக்கவில்லை?

ஒல்லி. அவ்வளவுதான் காரணம்.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியக் கிளப்புகள் பதினைந்து, பதினாறு வயதிலேயே பையன்களைப் பார்த்து வைத்துக்கொள்ளும். அந்த வயதில் ஒருவன் முழு ஆளாகியிருப்பான், இன்னொருவன் குழந்தை மாதிரி இருப்பான். முழு ஆளாகிவிட்டவன் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் ட்ரை போடுவான். பார்க்கிறவர் குறிப்பேட்டில் அவன் பெயர் ஏறும். நான்கு வருடம் கழித்து மற்றவர்களும் வளர்ந்துவிட்ட பிறகு அவனிடம் வேறு சரக்கு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். தர்ஸ்டன் இதற்கு நேர் எதிர். உடம்பால் எதுவும் செய்ய முடியாததால் சிறுவயதிலிருந்தே கண்ணாலும் கையாலும்தான் ஆடியாக வேண்டும். ஆனால் முதல்தர ஆட்டத்தில் நூறு கிலோ ஆட்கள் இவரைக் குறிவைத்து ஓடி வந்தால் தாங்குவாரா என்று கிளப்புகள் யோசித்தன. ஒன்றுக்கு மேற்பட்ட கிளப்புகள் இந்தக் காரணத்தைச் சொல்லியே கைவிரித்தன.

அந்தச் சந்தேகம் முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். எதிரணிகள் ஹாஃப்பேக்கைத் தேடித் தேடித்தான் ஓடும். சின்ன ஆள் ஒரு ஆட்டத்தில் இருபது முறை டேக்கிள் செய்ய வேண்டி வரும். கிளப்புகளின் தவறு வேறு இடத்தில்: உடம்பை வளர்த்துவிடலாம், மற்றதை வளர்ப்பது கஷ்டம் என்ற கணக்கை அவர்கள் போடவில்லை.

அப்புறம் எப்படி புல்டாக்ஸில் சேர்ந்தார்?

சிட்னியின் கேன்டர்பரி புல்டாக்ஸ் கதவைத் திறந்தது. பெரிய தொகை ஒன்றும் பேசவில்லை. வா, கீழ் அணிகளில் ஆடிக் காட்டு, பார்க்கலாம் என்ற அளவுதான். ஆஸ்திரேலியாவில் பல இளம் வீரர்களின் தொடக்கம் இப்படித்தான்: பகலில் ஏதாவது வேலை, மாலையில் பயிற்சி, வாரக் கடைசியில் இளையோர் அணியிலோ ரிசர்வ் அணியிலோ ஆட்டம். மேலணியில் யாருக்காவது அடிபட்டால் அழைப்பு வரும்.

முதல் தர அறிமுகம் எப்போது?

2002இல், 19 வயதில். பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸ்.

2002 புல்டாக்ஸுக்கு மோசமான வருடம் என்கிறார்களே, என்ன நடந்தது?

அந்த வருடம் புல்டாக்ஸ் தொடர்ந்து 17 ஆட்டங்களில் ஜெயித்துப் பட்டியலின் உச்சியில் இருந்தது. கோப்பை கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், ஆகஸ்டில், கிளப் சம்பள உச்சவரம்பை மீறிப் பல வீரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்தது அம்பலமானது. 37 புள்ளிகளைப் பறித்தார்கள். ஐந்து லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். முதலிடத்தில் இருந்த அணி ஒரே நாளில் கடைசி இடத்துக்கு விழுந்தது.

உச்சவரம்பு என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு கிளப்பும் தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று, போட்டித்தொடரை நடத்தும் என்ஆர்எல் வரம்பு கட்டியிருக்கிறது. பணக்காரக் கிளப் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிக் குவித்துவிடக் கூடாது என்பது நோக்கம். இளம் வீரருக்கு இது இரண்டு பக்கமும் கூர்மையான கத்தி. பெரிய கிளப்பில் சீனியர்களுக்கே காசு தீர்ந்துவிடும், மிச்சம் சில்லறைதான். ஆனால் அதே வரம்பினால்தான் பெரிய கிளப்புகளால் எல்லோரையும் பிடித்து வைக்க முடியாமல் போகிறது, வேறு ஊரில் இடம் காலியாகிறது. தர்ஸ்டனின் கதையில் இந்த இரண்டும் வருகின்றன.

புல்டாக்ஸில் மூன்று வருடம் இருந்தும் ஏன் நிரந்தர இடம் இல்லை?

முன்னால் ஆள் இருந்தார்கள். ஏழாம் எண்ணில் பிரென்ட் ஷெர்வின், ஆறாம் எண்ணில் பிரெய்த் அனாஸ்டா. இரண்டு பேரும் இளைஞர்கள், இரண்டு பேரும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். வயதானவர் ஓய்வு பெறட்டும் என்று காத்திருக்கக்கூட வழியில்லை. மூன்று சீசனில் தர்ஸ்டனுக்குக் கிடைத்தது 29 ஆட்டங்கள். பல ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து இறங்கினார், கிடைத்த இடத்தில் ஆடினார்.

இதை வீணான காலம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த புல்டாக்ஸ் அணியின் முன்வரிசை அந்தக் காலத்தின் முரட்டு முன்வரிசைகளில் ஒன்று. ஸ்டீவ் பிரைஸ், மார்க் ஓ'மீலி, வில்லி மேசன், 2004இல் புதிதாக வந்த சன்னி பில் வில்லியம்ஸ் என்று ஒரு பட்டாளமே இருந்தது. தினமும் பயிற்சியில் இவர்கள் எதிரே நிற்கும் ஒல்லிப் பையனுக்கு அடி வாங்கி எழுந்து நிற்கும் பழக்கம் வராமல் இருக்குமா?

2004 இறுதிப் போட்டியில் ஆடினாரா?

ஆடினார், ஆனால் அந்த இடம் அவருக்கு வந்த விதம் கொஞ்சம் கசப்பானது. இறுதிக்கு முன் கேப்டன் ஸ்டீவ் பிரைஸின் முழங்காலில் காயம். பல வருடம் அந்தக் கிளப்புக்காக உழைத்தவர். அடுத்த வருடம் நியூசிலாந்து வாரியர்ஸுக்குப் போக ஏற்கனவே ஒப்பந்தமாகியிருந்தது. புல்டாக்ஸ் சட்டையில் அவருடைய கடைசி ஆட்டமாக இருந்திருக்க வேண்டியது அந்த இறுதி. அவர் விலகியதால் ஏற்பட்ட மாற்றத்தில் 21 வயது தர்ஸ்டனுக்கு பெஞ்சில் இடம் கிடைத்தது.

2004 அக்டோபர் 3, எதிரே சிட்னி ரூஸ்டர்ஸ், அந்த அணியின் நட்சத்திரம் பிராட் ஃபிட்லரின் கடைசி ஆட்டம். இடைவேளையில் ரூஸ்டர்ஸ் 13-6 என்று முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் புல்டாக்ஸ் ரூஸ்டர்ஸை ஒரு புள்ளிகூட எடுக்க விடவில்லை. 16-13 என்று முன்னேறி, கடைசி விநாடிகளில் கோட்டை நோக்கிப் பாய்ந்த மைக்கேல் க்ராக்கரை ஆண்ட்ரூ ரையன் காலைப் பிடித்துச் சாய்த்தார். கோப்பை வந்துவிட்டது.

மோதிரக் கதை உண்மைதானா?

உண்மைதான். கோப்பை வென்ற அணியில் அன்று களத்துக்குத் தேர்வான 17 பேருக்கும் மோதிரம் உண்டு. எவ்வளவு வருடம் ஆடியிருந்தாலும் இறுதிநாளில் அந்த 17இல் இல்லாதவருக்குக் கிடையாது. சட்டைக்குப் பதிலாக சூட் போட்டு ஓரத்தில் நின்ற பிரைஸுக்கு அன்று மோதிரம் இல்லை. தர்ஸ்டன் தனக்குக் கிடைத்ததை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

இதைச் சொல்லும்போது பலர் உருகிவிடுவார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பிரைஸும் டார்லிங் டவுன்ஸ் பக்கத்துக்காரர்தான், டால்பியில் பிறந்தவர். அணியில் மூத்தவர், வழிகாட்டி. இன்னொரு வாய்ப்பு வரும் என்று ஒரு 21 வயதுக்காரன் நம்புவது இயல்பு. ஆனால் வராமலே போன நல்ல வீரர்களின் பட்டியல் நீளம். தர்ஸ்டனும் அடுத்த மோதிரத்துக்குப் பதினொரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்தக் கொடையின் கனம் புரியும்.

சாம்பியன் அணியை விட்டுக் கடைசி இடங்களில் கிடந்த கிளப்புக்கு ஏன் போனார்?

இருபது ஆட்டம் பெஞ்சில் உட்கார்வதா, இருபது ஆட்டம் ஏழாம் எண் சட்டையோடு இறங்குவதா என்பதுதான் கேள்வி. நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ் இரண்டாவதைக் கொடுத்தது.

தவிர, 'கடைசி இடங்களில் கிடந்த கிளப்' என்பது பாதி உண்மை. 1995இல் தொடங்கியதிலிருந்து கௌபாய்ஸ் அடிபட்டுக்கொண்டே இருந்தது நிஜம். ஆனால் 2004இல் ஏழாவது இடத்தைப் பிடித்து முதன்முறையாக நாக்-அவுட் சுற்றுக்கு வந்தார்கள். வந்ததும் முதல் ஆட்டத்தில் 30-22 என்று யாரை வீழ்த்தினார்கள் தெரியுமா? தர்ஸ்டனின் புல்டாக்ஸைத்தான். இரண்டாவது வாய்ப்பு இருந்ததால் புல்டாக்ஸ் பிழைத்துக் கோப்பை வரை போனது. கௌபாய்ஸ் அடுத்து பிரிஸ்பேன் பிராங்கோஸை 10-0 என்று வென்று, அரையிறுதியில் ரூஸ்டர்ஸிடம் 19-16இல் விழுந்தது. மூன்றே புள்ளிகளில் இறுதியைத் தவறவிட்ட அணி அது. ஆட்டத்தை நடத்த ஒரு ஆள் மட்டும்தான் குறை.

கௌபாய்ஸின் ஊரான டவுன்ஸ்வில் எப்படிப்பட்டது?

பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சுமார் 1,350 கிலோமீட்டர். வெப்பமண்டலக் கடற்கரை. இரவு ஆட்டங்களில் பனியும் வியர்வையும் சேர்ந்து பந்து சோப்புக்கட்டி போல வழுக்கும். சிட்னி அணிகள் அங்கே வந்து திணறுவது சகஜம். பெரிய நகரத்தின் கேளிக்கையும் இல்லை, பத்திரிகைத் தொந்தரவும் குறைவு. ஒரே கிளப், ஒரே ஊர், கடைக்காரர் முதல் ராணுவ முகாம் சிப்பாய் வரை எல்லோரும் அதே அணி ரசிகர்கள்.

2005இல் அவருடைய ஆட்டம் திடீரென எப்படி மாறியது?

திடீரென மாறவில்லை, பார்க்கும்படி ஆனது. பயிற்சியாளர் கிரகாம் மர்ரி அணியை அவர் கையில் கொடுத்தார். பின்னால் ஃபுல்பேக் இடத்தில் மேத்யூ போவன் இருந்தார். கேப் யார்க் தீபகற்பத்தின் ஹோப் வேல் என்ற சிறிய பூர்வகுடிக் கிராமத்திலிருந்து வந்தவர், மின்னல் வேகம்.

இவர்கள் இருவரின் கூட்டுத்தொழிலை ஒருமுறை பார்த்தால் புரிந்துவிடும். தர்ஸ்டன் பந்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தடுப்பு வரிசையை நோக்கி நேராக ஓடுவார். இரண்டு கையிலும் இருப்பதால் கொடுப்பாரா, உதைப்பாரா, தானே நுழைவாரா என்று எதிரணிக்குத் தெரியாது. ஒருவன் பொறுமையிழந்து அரையடி முன்னால் வருவான். அந்த அரையடி பிளவில், எங்கிருந்தோ முழு வேகத்தில் வரும் போவனின் மார்புக்கு நேராகப் பந்து போய்ச் சேரும். பந்தைக் கொடுத்த அடுத்த கணம் தர்ஸ்டன் மேல் ஒரு ஆள் விழுவான். அவர் மல்லாந்து கிடக்கும்போது போவன் கோட்டைத் தாண்டியிருப்பார். அடியை வாங்கத் தயாராக இருப்பவனால்தான் அவ்வளவு நேரம் பந்தை வைத்திருக்க முடியும்.

டாலி எம் பதக்கம் எப்படிக் கொடுக்கிறார்கள்?

சீசனின் சிறந்த வீரருக்கான விருது. 1908 காலத்து நாயகன் டாலி மெசஞ்சர் பெயரில் இருக்கிறது. அந்த நாளில் ஒவ்வொரு லீக் ஆட்டத்துக்கும் மதிப்பீட்டாளர்கள் (களத்து நடுவர்கள் அல்ல) முதல் மூவருக்கு 3, 2, 1 என்று புள்ளி கொடுப்பார்கள். வருட முடிவில் கூட்டிப் பார்ப்பார்கள். 2005இல் கௌபாய்ஸுக்குப் புதிதாக வந்த, போன வருடம் வரை மாற்று ஆட்டக்காரராக இருந்த 22 வயதுக்காரர் அதை வாங்கினார். பிறகு 2007, 2014, 2015லும் அவரே.

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் அறிமுகத்தில் என்ன விசேஷம்?

ஆரிஜின் என்பது குவீன்ஸ்லாந்துக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் நடக்கும் வருடாந்திர மூன்று ஆட்டத் தொடர். கிளப் எதுவாக இருந்தாலும் வீரர் தன் சொந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். வருடம் முழுக்க ஒரே அணியில் இருப்பவர்கள் அன்று ஒருவரையொருவர் நொறுக்குவார்கள்.

2005 மே 25, பிரிஸ்பேன், தொடரின் முதல் ஆட்டம். ஏழாம் எண்ணில் தர்ஸ்டன், முதல்முறை. பக்கத்தில் கேப்டன் டேரன் லாக்யர். குவீன்ஸ்லாந்து 19-0 என்று ஏறிவிட்டது. கூட்டம் கொண்டாட்டத்தில் இருந்தது. அப்புறம் நியூ சவுத் வேல்ஸ் ஒவ்வொரு ட்ரையாகத் திருப்பிக் கொடுத்து, நிமிடங்களே மிச்சமிருக்கும்போது 20-19 என்று முந்திவிட்டது. முதல் ஆட்டக்காரனுக்கு வரக் கூடாத நிலைமை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து தர்ஸ்டனிடம் வந்தது. பக்கத்தில் லாக்யர் இருந்தும் யாரையும் பார்க்காமல் தானே உதைத்தார். ஃபீல்டு கோல். அந்த ஒற்றைப் புள்ளியில் 20-20. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே முதலில் புள்ளி எடுப்பவருக்கே வெற்றி, கோல்டன் பாயின்ட் முறை. நியூ சவுத் வேல்ஸின் பிரெட் கிமோர்லி வீசிய பாஸை நடுவில் புகுந்து பறித்து ஓடினார் ஒருவர். வேறு யார், மேத்யூ போவன்தான். 24-20.

ஆனால் அந்தத் தொடரைக் குவீன்ஸ்லாந்து ஜெயிக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் நியூ சவுத் வேல்ஸின் ஹாஃப்பேக் ஆண்ட்ரூ ஜான்ஸ் திரும்பி வந்து, ஹாஃப்பேக் ஆட்டம் என்றால் என்ன என்று காட்டினார். 32-22, பிறகு 32-10. ஜான்ஸுக்கு எதிரே நின்று வாங்கிய அந்த இரண்டு தோல்விகள் தர்ஸ்டனுக்குப் பதக்கத்தைவிடப் பயன்பட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

2005 இறுதிப் போட்டியில் கௌபாய்ஸ் தோற்றது எப்படி?

நாக்-அவுட்டின் முதல் வாரத்திலேயே வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 50-6 என்று நார் நாராகக் கிழிபட்டார்கள். அங்கேயே கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். அடுத்து மெல்பர்ன் ஸ்டார்மை 24-16, பட்டியலில் முதலிடத்தில் இருந்த பேரமாட்டாவை 29-0. ஆக, கிளப்பின் முதல் இறுதிப் போட்டி, எதிரே அதே டைகர்ஸ். போவன் முதலில் ட்ரை போட்டார். ஆனால் பெஞ்சி மார்ஷல் தன் எல்லைப் பக்கத்திலிருந்து ஓடி வந்து, பார்க்காமலே பின்கையால் தட்டிக் கொடுத்த பந்தில் பேட் ரிச்சர்ட்ஸ் அடித்த ட்ரையைத்தான் இன்றும் ஒளிபரப்புகிறார்கள். 30-16.

அவர் தலைக்கவசம் அணிந்து ஆடியது எதற்கு?

மெத்தை வைத்த மென்கவசம், மூளை அதிர்ச்சியைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. வெட்டுக்காயம், காது நசுங்கல் ஆகியவற்றைக் குறைக்கும். அது அவருடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. பிற்காலத்தில் ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் நிற்கும் ஏதாவது ஒரு குழந்தையைக் கூப்பிட்டு அதைக் கழற்றிக் கொடுப்பார்.

அவர் பூர்வகுடி வீரரா?

ஆம், தாய் வழியில் குங்காரி மக்களைச் சேர்ந்தவர். தென்மேற்குக் குவீன்ஸ்லாந்தின் மக்கள். அதைப் பின்னாளில் மிகவும் வெளிப்படையாகப் பேசினார், பூர்வகுடிப் பிள்ளைகளின் கல்விக்காக வேலையும் செய்தார். 2015 இறுதியில் இரண்டு அணிக் கேப்டன்களுமே, இவரும் ஜஸ்டின் ஹாட்ஜஸும், பூர்வகுடியினர். அப்படி நடந்தது அதுவே முதல்முறை.

ஆஸ்திரேலிய அணிக்கு எப்போது வந்தார்?

2006இல். அந்த வருடம் நவம்பரில் சிட்னியில் நடந்த முத்தரப்புத் தொடர் இறுதியில் நியூசிலாந்தோடு 12-12 சமன், மறுபடியும் கோல்டன் பாயின்ட். தர்ஸ்டன் தடுப்பைப் பிளந்துகொண்டு மைதானத்தின் பாதியை ஓடினார். தானே முடித்துப் பார்க்கலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். உள்பக்கம் ஓடி வந்த லாக்யரிடம் கொடுத்துவிட்டார். 16-12. அதே வருடம் குவீன்ஸ்லாந்து ஆரிஜின் தொடரை வென்றது. தொடர்ந்து எட்டு வருடம் விடவில்லை.

கௌபாய்ஸ் அந்த வருடம் நாக்-அவுட்டுக்கே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாநிலத்துக்கும் நாட்டுக்கும் ஜெயித்துக்கொண்டே, கிளப்பில் தோற்றுக்கொண்டிருக்கும் அவருடைய நீண்ட நடுக்காலம் இங்கே தொடங்குகிறது. அது தனியாகப் பேச வேண்டிய கதை.

இன்று ஒரு பையன் இந்த வழியில் போவது எப்படி?

உள்ளூர் கிளப்பில் தொடங்க வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை. நியூ சவுத் வேல்ஸில் ஹரோல்ட் மேத்யூஸ் கோப்பை, பிறகு எஸ்ஜி பால் கோப்பை, ஜெர்சி ஃப்ளெக், அதன்பின் பெரியவர்களின் என்எஸ்டபிள்யூ கோப்பை என்று படிகள் உண்டு. குவீன்ஸ்லாந்தில் சிரில் கோனெல் போட்டி, மால் மெனிங்கா கோப்பை, அதற்கு மேல் குவீன்ஸ்லாந்து கோப்பை. பள்ளிகளுக்கிடையேயான போட்டிகளிலும் ஆள் பார்ப்பவர்கள் வந்து உட்காருவார்கள்.

பதினாறு வயதில் பெயர் வரவில்லை என்று பெற்றோர் சோர்ந்துபோகிறார்கள். பையன் சின்ன உடம்பா, தாமதமாக வளர்கிறவனா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால், எந்தப் பெரிய கிளப் கூப்பிடுகிறது என்பதைவிட, எந்தக் கிளப்பில் அவனுடைய இடத்தில் ஆள் இல்லை என்று விசாரிப்பது உபயோகம். படிப்பை விடச் சொல்லாதீர்கள். ஒப்பந்தம் கிடைப்பவர்களே கொஞ்சம், கிடைத்தவர்களிலும் பலர் சில ஆட்டங்களோடு நின்றுவிடுகிறார்கள்.

எதைப் பார்த்துத் தொடங்கலாம்?

மூன்று ஆட்டம் போதும். 2005 ஆரிஜின் முதல் ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம். 2006 முத்தரப்பு இறுதியின் கூடுதல் நேரம். பிறகு நேராக 2015 இறுதிக்குப் போய்விடுங்கள்: கடைசி நொடியில் கைல் ஃபெல்ட்டின் ட்ரை, ஆட்டத்தை அங்கேயே முடித்திருக்க வேண்டிய தர்ஸ்டனின் உதை கம்பத்தில் பட்டுத் தெறிப்பது, கூடுதல் நேரத்தின் முதல் உதையை பிராங்கோஸின் பென் ஹண்ட் கைதவற விடுவது, அடுத்து தர்ஸ்டனின் ஃபீல்டு கோல், 17-16. சுருக்கத் தொகுப்பைப் பார்க்காமல் முழுசாகப் பாருங்கள். பந்து இல்லாத நேரத்தில் அவர் சக ஆட்டக்காரர்களை எங்கே நிற்கச் சொல்கிறார் என்று கையசைப்பதைத் தொகுப்பில் வெட்டிவிடுவார்கள்.